இராக்கம்மாவின் தோட்டுச் சுரை

நமுனுகுலப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்த இராக்கம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம், சிரிப்பு அதைவிட நீளம். மலையில் அவளுக்குப் பக்கத்து நிரை கிடைக்கப் பெண்கள் போட்டி போடுவார்கள். அவளும் ஒருநாள் வாயடைத்து நின்றாள். எழுபத்தொன்பதில், பதுளையில், காமில் நானாவின் நகைக்கடையில்.

மகளுக்குப் போடுவதாகச் சொன்ன தோடு அசல் தங்கமா என்று பார்த்துவிட்டுத்தான் பரிசம் என்றாள் மாப்பிள்ளையின் தாய் ஜெயலெட்சுமி. இராக்கம்மா கல்யாணத்திலிருந்து காதில் போட்டிருந்த தோடு அது. பார்த்தால் போச்சு என்று அவளே முதலில் பஸ் ஏறினாள்.

நானா உரைகல்லையும் ஒரு சின்னப் போத்தலையும் எடுத்து வைத்தார். போத்தலில் நைட்ரிக் அசிட் என்று ஒட்டியிருந்தாலும், அவர் தம் வாப்பாவைப் போல வெடியுப்புத் திராவகம் என்றுதான் சொல்வார். தங்கத்தில் கலந்த வெள்ளியை வாப்பா இதில்தான் கரைத்துப் பிரிப்பாராம். வெள்ளி, செம்பு, பித்தளை எல்லாவற்றையும் தின்றுவிடும், நல்ல தங்கத்தை மட்டும் தொடாதாம்.

மகள் போடப்போகும் தோட்டின் முகத்தில் கீறல் விழுமே என்று இராக்கம்மா அவசரப்பட்டாள். பின்னால் திருகும் சுரையைக் கழற்றிக் கொடுத்தாள். நானா அதைக் கல்லில் உரசி ஒரு சொட்டு வைத்தார். மஞ்சள் கோடு பச்சையாய் நுரைத்துக் காணாமல் போனது.

"பித்தளை," என்றார் நானா, மெதுவாக.

ஜெயலெட்சுமி முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

இராக்கம்மா கையிலிருந்த தோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகுதான் நினைவு வந்தது. போன மழைக்காலத்தில் ஒரு சுரை தேயிலைக்குள் விழுந்து, அவள் சோறு தின்னாமல் அழுதாள். புருசன் கந்தப்பன் செடி செடியாய்த் தேடி எடுத்ததாகச் சொல்லிக் கொண்டுவந்து கொடுத்தான். அவனுக்குக் கழுகுக் கண் என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லித் திரிந்தாளே!

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அடப்பாவி மனுசா, தேடவே இல்லையா நீ?" என்றவள், நடந்ததைச் சொல்லித் தோட்டையே நீட்டினாள். "முகத்தையே ஒரசுங்க நானா. கீறினா கீறட்டும்."

இந்தத் தடவை கோடு அப்படியே கிடந்தது. சொட்டு அதன்மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. மற்றத் தோடும் அதன் சுரையும் அப்படியேதான்.

ஜெயலெட்சுமி குனிந்து பார்த்தாள். அவளுக்கும் சிரிப்பை அடக்க உதடு துடித்தது.

"அந்த ஒத்தச் சுரைய நாங்களே தங்கத்துல செஞ்சு போட்டுக்கிறோம் மதினி," என்றாள். "பரிசத்துக்கு எதாச்சும் தொலைஞ்சா மட்டும் அண்ணன தேட அனுப்பிராதீங்க."