நாற்பத்திரண்டாவது ஆணி

அருணகிரி தன் மனைவியை ஒரு நாளும் கைநீட்டி அடித்ததில்லை. இதை அவரே ஆரணியில் பலரிடம் சொல்லியிருக்கிறார், கேட்காதவர்களிடமும். ஒரே ஒரு முறை ஆணியடித்திருக்கிறார். அது கணக்கில் வராது; அவளுடைய நன்மைக்காகச் செய்தது.

ஆற்றுப் பாலத்துக்குப் போகிற சாலையில் அவருடைய கடைசல் பட்டறை. மரக்கட்டையை இயந்திரத்தில் பூட்டிச் சுழலவிட்டு, ஓடுகிற மரத்தில் உளியை வைத்து உருட்டி எடுக்கிற வேலை. கட்டில் கால், சப்பாத்திக் கட்டை, தறிக்காரர்களுக்கு நூல் சுற்றும் கட்டை என்று இருந்தவர், ஏழெட்டு வருடங்களாகக் கிண்ணத்துக்கு மாறிவிட்டார். பெங்களூரில் இலைதழையைப் பச்சையாகத் தின்பவர்கள் மரக் கிண்ணத்தில்தான் தின்கிறார்களாம். அந்தப் புண்ணியத்தில் பட்டறை நன்றாகவே ஓடியது.

கை சுத்தமான கை. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை இந்தத் தொழிலில் ஒரு நூல் என்பார்கள். அருணகிரியின் கிண்ணத்துச் சுவர் ஒரு நூல் கனம்தான் இருக்கும். பல்புக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் தெரியும். வாய்தான் அத்தனை மெல்லியதல்ல. விலையைக் குறைக்கச் சொல்பவரிடம், "உன் மூஞ்சிக்கு பிளாஸ்டிக் போதும், போய்ட்டு வா" என்பார். வந்தவர் சிரித்துக்கொண்டே கேட்ட விலைக்கு வாங்கிப்போவார். திட்டுகிறவனிடம் சரக்கு நன்றாக இருக்கும் என்பதில் நம் ஜனங்களுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை.

மனைவி திலகவதி பத்தொன்பது வயதில் வந்து சேர்ந்தாள். அப்போது மோட்டார் கிடையாது. கட்டையில் சுற்றிய கயிற்றை ஒருவர் இருபுறமும் மாறி மாறி இழுக்க, இன்னொருவர் உளி பிடிக்க வேண்டும். ஏழு வருடம் கயிறு இழுத்தாள். ஏழு வருடம் ஒரு வேலையை மூன்றடி தூரத்தில் உட்கார்ந்து பார்க்கிற ஆளுக்கு அந்த வேலை தெரிந்துவிடும். அதைத் தெரியாததுபோல் வைத்துக்கொள்ளும் சாமர்த்தியம்தான் அன்றைக்கு அவளிடம் இல்லை.

ஒருநாள் செய்யாற்றிலிருந்து வந்தவர் கட்டில் காலைத் தட்டிப் பார்த்து, "தோதகத்திதானே?" என்றார்.

"அசல் தோதகத்தி" என்றார் அருணகிரி.

கயிற்றுப் பக்கத்திலிருந்து, "வேங்கைங்க" என்று ஒரு குரல் வந்தது.

தோதகத்திக்குக் கிடைக்கிற விலையில் பாதிகூட வேங்கைக்குக் கிடையாது. வந்தவர் போய்விட்டார். அதற்கு முன்பும் இரண்டு மூன்று தடவை இப்படி நடந்திருந்தது. உளி மழுங்கிவிட்டது என்றாள். கால் ஒன்று அரை நூல் குட்டை என்றாள். கேட்காமலே உண்மை சொல்வது பேய் பிடித்ததன் முதல் அறிகுறி. அதில் வீட்டில் ஒருவருக்கும் இரண்டு கருத்து இல்லை.

கலசப்பாக்கம் போகிற சாலையில் ஒரு புளியமரம் இருந்தது. பேய் பிடித்த பெண்ணை அங்கே நிற்கவைத்து, உச்சிமுடியை மரத்தோடு சேர்த்து ஆணியடித்து, முடியை அறுத்துவிடுவார்கள். பெண் வீட்டுக்கு வருவாள். பேய் மரத்தோடு நின்றுவிடும். திலகவதியைக் கூட்டிப்போன அன்றைக்குப் பூசாரிக்குக் கை நடுங்கியது. கொண்டுவந்த ஆணி தகரத்துக்கு அடிக்கிற ஆணி. இரண்டு வளைந்தன. வேலை கெடுவதை அருணகிரியால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

"குடுங்க சாமி இப்படி" என்று சுத்தியலை வாங்கினார். பையிலிருந்து தன் ஆணியையே எடுத்தார். கட்டையை இயந்திரத்தில் பூட்ட அவர் வைத்திருக்கிற ஆணி. ஆறு அங்குலம், தலை சீவியது. மூன்று அடியில் இறக்கி, மேலே ஒரு முளையை வைத்துத் தட்டிப் பட்டைக்குள் இரண்டு விரல் ஆழம் அனுப்பினார்.

"தலையில்லாத ஆணிங்க சாமி. உள்ள போனா போனதுதான். எவனும் புடுங்க முடியாது."

"நல்ல வேலைக்காரன்" என்றார் பூசாரி. பிறகு திலகவதியிடம் திரும்பினார். "இந்த ஆணியப் பத்தி இனிமே வாயத் தொறக்கக் கூடாது. புருஷன் பேச்சுக்கு மறுபேச்சு கூடாது. பேசினா அது திரும்பி வந்துரும், தெரியுதா?"

"நீங்க சொன்னா சரிதாங்க" என்றாள் திலகவதி. உச்சந்தலையில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு இருபத்தோரு வருடம் அவள் கணவனிடம் பேசியது பெரும்பாலும் அந்த மூன்று சொற்கள்தான். மழை வராது என்பார். நீங்க சொன்னா சரிதாங்க. அன்றைக்கு வடாம் நனையும். குழம்பில் உப்பு இல்லை என்பார். நீங்க சொன்னா சரிதாங்க. இன்னொரு கரண்டி போட்டுக் கொண்டுவந்து வைப்பாள். அவர் அதையும் தின்றாக வேண்டும். மோட்டார் வந்தது, கயிறு போனது, பழக்கம் மாறவில்லை. "ஒரே ஒரு ஆணி, மொத்த வாயும் அடங்கிப்போச்சு" என்று அருணகிரி டீக்கடையில் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

சென்ற வருடம் சாலையை அகலப்படுத்த அந்தப் புளியமரத்தை வெட்டினார்கள். கிளையெல்லாம் விறகுக்குப் போயிற்று. அடிமரத்தை மட்டும் யாரும் தொடவில்லை. மரவாடிக்காரர்கள் ஆணி ரம்பத்தை உடைக்கும் என்றார்கள். மற்றவர்கள் பேய் ஆளை உடைக்கும் என்றார்கள். கடைசியில் வாடி வைத்திருக்கிற குப்புராஜ் அதை டிராக்டரில் போட்டு அருணகிரியின் பட்டறை வாசலில் இறக்கினார்.

"நூறு பேய் இருக்குது அண்ணா இதுல. உனக்குப் பரவால்லியா?"

"என் வூட்டுல ஒண்ணு இருந்துச்சு, அதையே அடக்கிக்கினேன். இறக்குப்பா."

அந்த நேரத்தில்தான் பட்டுக்கடை சுப்பராயலு புதுக் கடை திறக்கவிருந்தார். வாசலில் பூ மிதக்கவிட, ஒன்றேமுக்கால் அடி அகலத்துக்கு ஒரே கட்டையில் ஒரு மரக் கிண்ணம் வேண்டும் என்று கேட்டிருந்தார். அவ்வளவு அகலத்தில், அவ்வளவு மெல்லிசாக இந்தப் பக்கத்தில் யாரும் கடைந்ததில்லை. அதன் அடியில் தன் பெயரை வெட்டிவைக்கும் ஆசையும் அருணகிரிக்கு இருந்தது. புளிய வைரத்தில் செய்கிறேன், பார்க்கிறவன் வாய் பிளக்க வேண்டும் என்றார். மரத்தின் நடுவில் இறுகிக் கறுத்த பாகத்தைத்தான் வைரம் என்பது.

இரண்டு நாள் உட்கார்ந்து ஆணிகளைப் பிடுங்கினார். பட்டையைச் சீவினார், காந்தத்தை உருட்டினார். சில ஆணிகளில் முடி சுற்றியிருந்தது. மொத்தம் நாற்பத்தொன்று. பெயிண்ட் டப்பாவில் போட்டு, வாசல் பெருக்கிக்கொண்டிருந்த மனைவியிடம் நீட்டினார்.

"இதுல எதுடி உன்னோடது?"

திலகவதி குனிந்து பார்த்தாள். நாற்பத்தொன்றுக்கும் தலை இருந்தது.

"பயப்படாத, பேய் எறங்கிப்போயிருக்கும்" என்று அவரே ஒன்றை எடுத்தார். "இதுதான். என் அடி எனக்குத் தெரியாதா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். ஆணியைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. மறுபேச்சும் கூடாது.

"நீங்க சொன்னா சரிதாங்க."

அவர் சாப்பிடப் போனபோது அவள் கட்டையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மரம் பெருக்கும், அடித்த ஆணி மேலே ஏறாது. ஆணி இறங்கியது அவள் நெற்றி உயரத்தில், தரையிலிருந்து ஆறு சாண். வெட்டினவர்கள் தரைக்கு மேல் ஒரு சாண் விட்டு வெட்டியிருந்தார்கள். அடியிலிருந்து ஐந்து சாண் வைத்தாள். விரல் நின்ற இடத்தில் மரம் தொப்புள்போலச் சுருங்கி மூடியிருந்தது. ஆணி உள்ளே எங்கேயோ ஆழத்தில். காந்தத்துக்கு எட்டாது. கையை எடுத்துவிட்டு மிச்ச வாசலையும் பெருக்கினாள்.

அந்த இடத்தையே அருணகிரி கிண்ணத்துக்கு வெட்டினார். அதுதான் சுத்தமான பாகம் என்று அவருக்குத் தோன்றியது. ஆணி பிடுங்கிய ஓட்டையே இல்லாத பாகம் அது ஒன்றுதான்.

முதல் நாள் வெளிப்பக்கம் உருண்டது. இரண்டாம் நாள் உள்ளே குடைய ஆரம்பித்தார். மூன்றாம் நாள் மதியம் திலகவதி டீ கொண்டுவந்தபோது கிண்ணம் ஏறக்குறைய முடிந்திருந்தது. மோட்டாரை நிறுத்தி, உள்சுவரைத் தடவிக் காட்டினார். சுவரின் ஒரு பக்கம் மையைக் கொட்டினதுபோல ஒரு கறுப்பு, நீல ஓரத்தோடு கீழே இறங்கியிருந்தது.

இரும்புச் சட்டியில் புளி கரைத்தவர்களுக்கு அந்தக் கறுப்பு தெரியும். அருணகிரி வாழ்நாளில் புளி கரைத்ததில்லை.

"கறுப்பா கீதுங்களே" என்றாள்.

இருபத்தோரு வருடத்தில் அவள் தானாகச் சொன்ன முதல் அபிப்பிராயம் இது. அருணகிரி அதைக் கவனித்திருந்தால் மீதிக் கதை வேறு. அவர் கவனித்தது, மனைவி மரத்தைப் பற்றிப் பேசுகிறாள் என்பதை மட்டும்.

"வைரம்டி அது. வைரம் பாஞ்சிருக்குது. முப்பது வருஷமா மரத்த அறுக்கிறவன் நானு. உனக்கு இன்னா தெரியும், சொல்லு?"

அவள் அந்த நீலத்தை இன்னொரு முறை பார்த்தாள்.

"நீங்க சொன்னா சரிதாங்க."

டீ கிளாஸை மேசைமேல் வைத்தாள். வழக்கமாக டீ கொடுத்தால் அவர் குடிக்கிறவரை இயந்திரத்துக்கு எதிரே நின்று கிளாஸை வாங்கிப்போவாள். அன்றைக்கு இடதுபுறமாகப் போய்க் கதவு நிலைக்குப் பின்னால் நின்றாள். ஓடுகிற கட்டை உடைந்தால் எந்தப் பக்கம் வரும், எந்தப் பக்கம் வராது என்பது கயிறு இழுத்த எல்லோருக்கும் தெரியும்.

அருணகிரி மோட்டாரைப் போட்டார். இன்னும் அரை நூல் எடுக்க வேண்டும். சுவர் மெலிய மெலிய உள்ளே கறுப்பு அகலமானது. அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. வேலையை இன்னும் நன்றாகப் பார்க்கக் கொஞ்சம் குனிந்தார்.

உளி ஆணியைத் தொட்ட சத்தம் சின்னதாகத்தான் கேட்டது. அடுத்த சத்தம் பெரியது. கிண்ணம் ஆணி ஓடிய கோட்டிலேயே இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி மேற்கூரை ஓட்டை உடைத்துக்கொண்டு போனது. மறு பாதி அருணகிரியின் வாயில் வந்து இறங்கியது. கீழ்த்தாடை இரண்டு இடத்தில் முறிந்தது. ஐந்து பல். நாக்கு நுனியை அவரே கடித்துவிட்டிருந்தார்.

திலகவதி நிலைக்குப் பின்னாலிருந்து வந்து முதலில் மோட்டாரை நிறுத்தினாள். அதுதான் முறை.

வேலூர் ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டர் கேட்டார், "எப்படிம்மா ஆச்சு?"

"ஆணி பட்டுச்சுங்க. ஆறு அங்குலம், தலை கிடையாது."

"அவ்ளோ கரெக்டா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் முடியோட சேத்து அடிச்சதுங்க. இவுருதான் அடிச்சாரு." சொல்லிவிட்டு அவள் நிறுத்தவில்லை. புளியமரம், பூசாரி, வளைந்த ஆணி, வேங்கைக் கட்டில் எல்லாம் வரிசையாக வந்தன. டாக்டர் எழுதுவதை எப்போதோ விட்டுவிட்டிருந்தார். கட்டிலில் கிடந்த அருணகிரி கையை ஆட்டினார். அது வலி என்று நினைத்து நர்ஸ் ஊசி போட்டாள்.

தாடையைக் கம்பி வைத்துக் கட்டி ஆறு வாரம் வாயைத் திறக்கக் கூடாது என்று அனுப்பினார்கள். கஞ்சி, ஜூஸ், உறிஞ்சுகுழாய். வீட்டில் திலகவதி பேச ஆரம்பித்தாள். காலையில் வாசல் தெளிக்கும்போது தொடங்கினால் சாயங்காலம் விளக்கு வைக்கிறவரை. எந்த வருடம் எந்த உளி மழுங்கியிருந்தது, எந்தக் கட்டில் எத்தனை நூல் சாய்ந்தது, எந்த வாடிக்கையாளரிடம் எந்த மரத்தை எந்தப் பெயரில் விற்றார் என்று வருடவாரியாக. குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நான்காம் நாள் அவர் செல்போனில் 'போதும்' என்று தட்டி நீட்டினார்.

"கண்ணாடிய எங்க வெச்சேன்னு தெரிலீங்க" என்று சொல்லிவிட்டு அவள் தொடர்ந்தாள். கண்ணாடி தலைமேல் இருந்தது.

பார்க்க வந்த குப்புராஜும் சுப்பராயலுவும் வாசலிலேயே நின்று அரை மணி நேரம் கேட்டார்கள்.

"பேய் திரும்பிடுச்சுப்பா. ஆணி வெளிய வந்துடுச்சில்ல" என்றார் சுப்பராயலு. "மறுபடி கூப்புட்டுப் போய் அடிக்கணும்."

"எங்க அடிக்கிறது? அந்த எடத்துல இப்ப ரோட்டு நடுவால சுவரு கட்டிட்டாங்க" என்றார் குப்புராஜ். "சிமெண்ட்டுல ஆணி எறங்காதுங்க."

இதைக் கட்டிலில் இருந்தவரும் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணோரம் ஈரமாயிற்று. கஞ்சி சூடு என்று எண்ணி சுப்பராயலு உள்ளே வந்து விசிறினார்.

அவர்கள் போனபிறகு திலகவதி முந்தானை முடிச்சை அவிழ்த்து ஓர் ஆணியை எடுத்தாள். துரு ஏறியிருந்தது, உளி பட்ட இடம் மட்டும் பளபளத்தது. பட்டறையிலிருந்து சுத்தியலைக் கொண்டுவந்து, அவருடைய கட்டிலுக்கு நேரே இருந்த கதவு நிலையில் ஆணியை வைத்தாள். மூன்றே அடி. பாதி இறங்கியதும் நிறுத்தி, அவருடைய மருந்துப் பையையும் உறிஞ்சுகுழாய்க் கட்டையும் அதில் மாட்டினாள். இரண்டடி தள்ளி நின்று பார்த்தாள்.

"நேரா எறங்கியிருக்குதுங்களா?"

அருணகிரி பார்த்தார். தொழில்காரக் கண் பொய் சொல்லாது. நூல் பிடித்ததுபோல இறங்கியிருந்தது. அதைச் சொல்ல மனமில்லாமல், கோணல் என்று தலையை இடமும் வலமும் ஆட்டினார்.

"நீங்க சொன்னா சரிதாங்க" என்றாள் திலகவதி. பையைக் கழற்றினாள், ஆணியைப் பிடுங்கினாள், இன்னும் ஒரு சாண் கீழே, அவர் பக்கமாக வைத்து மறுபடி அடிக்க ஆரம்பித்தாள்.