அழுக்குக்காரி ஈராசில்டா

ஈராசில்டாவைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்கு வயிறு எரிகிறது. எரிந்தாலும் நான்தான் எழுத வேண்டும். எங்கள் தெருவில் அவளை என்னளவு அறிந்தவர்கள் இல்லை.

பிரேசிலில், சாவோ பாவ்லோ நகரின் கிழக்கு ஓரத்தில் ஓடும் பேருந்தில் அவள் நடத்துநர். இருவரும் ஒரே இன்டர்நெட் கடையில்தான் வலைப்பதிவு தொடங்கினோம். என்னுடையதில் ரோஜாப்பூ, பாட்டு, பத்திரிகைச் செய்தி எல்லாம் உண்டு. அவளுடையதில் சாக்கடைதான். ஒரு மழையில் எங்கள் தெருவுக்குள் வெள்ளம் புகுந்தபோது, குடியிருப்பவர்கள் கொட்டிய குப்பையே காரணம் என்று பெரிய பத்திரிகை எழுதியது. நகராட்சி ஒப்பந்தக்காரரின் லாரி கால்வாயில் மண் தள்ளுவதை இவள் பேருந்து ஜன்னல் வழியாகப் படமெடுத்துப் போட்டாள். பத்திரிகை வேண்டாவெறுப்பாகத் திருத்தம் போட்டது.

பிறகு தேர்தல் வந்தது. வேட்பாளர் ஒருவர் தொலைக்காட்சியில், தன்னைக் கேள்வி கேட்ட பதிவுகளைக் காட்டி, "இதெல்லாம் அழுக்கு வலைப்பதிவுகள்" என்று சீறினார். மறுநாள் அதே பத்திரிகை, உதாரணத்துக்கு நாலைந்து பேரைச் சொன்னது. முதல் பெயர் ஈராசில்டா.

கால்பந்து மைதானத்தில் எதிரணி ரசிகர்கள் பன்றி என்று கத்தினால், பன்றியையே கொடியில் வரைந்து ஆடுகிற ஊர் இது. சனிக்கிழமை, கறுப்பு பீன்ஸும் இறைச்சியும் வெந்துகொண்டிருந்த அடெமாரின் மதுக்கடைக்குள் அவள் 'அழுக்குக்காரி' என்று அச்சடித்த சட்டையோடு நுழைந்தாள். பெயர் வந்த மற்றவர்களும் அதே சட்டையில் வந்தார்கள். ஆளாளுக்குக் கட்டிப்பிடித்துப் படமெடுத்தார்கள்.

"எனக்கும் ஒண்ணு குடுடி," என்றேன்.

"உன்னை யாருடி திட்டினாங்க, நெய்ஜி? திட்டு வாங்கிட்டு வா, தர்றேன்."

கடையே சிரித்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் வேறு பெயரில் பத்திரிகைக்கு எழுதினேன்: நெய்ஜியின் வலைப்பதிவை எப்படி விட்டீர்கள், அதைவிட அழுக்கு உண்டா?

அடுத்த சனிக்கிழமை என் பெயர் கொட்டை எழுத்தில் வந்தது. கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கக்கூடப் பொறுமையில்லாமல் மதுக்கடைக்கு ஓடி, ஈராசில்டாவின் கையில் கொடுத்தேன்.

அவள் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள்: "புகார் வந்ததால் பார்த்தோம். சுத்தமான, பொறுப்பான வலைப்பதிவு. எங்கள் செய்திகளையே மரியாதையாக எடுத்துப் போடுகிறார். மற்றவர்கள் இவரிடம் கற்றுக்கொள்ளட்டும்."

அவள் சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். சிரிக்கவில்லை. "வாடி சுத்தக்காரி, உக்காந்து சாப்பிடு," என்று தட்டில் பீன்ஸ் அள்ளிப் போட்டாள்.

அன்றிலிருந்து தெருவில் எனக்கு அதுதான் பெயர். அதைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொள்ள எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.