பிள்ளை பெற்றவள் கையில் பப்பாளிக்காய்

போன வருடம் ஐப்பசி மழையில், ஆரணியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. துபாயில் வேலை பார்க்கும் என் தம்பி, கூட வேலை செய்த பிலிப்பைன்ஸ் பெண்ணைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டான். பிரசவத்துக்கு அவளை இங்கே அனுப்பினான். அவள் தாய்வீடு கடல் தாண்டி இருக்கிறது. எங்களுக்கும் அம்மா இல்லை. தறியை நிறுத்திவிட்டு அக்கா நானே பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற ஆள் நான்.

ஆண் குழந்தை. பால்தான் போதவில்லை. பூண்டும் மிளகும் அரைத்துவிட்டு, கருவாடு போட்டுப் பத்தியக் குழம்பு வைத்தேன். இரண்டு வாய்க்கு மேல் அவளுக்கு இறங்கவில்லை. குழந்தை அழுது அழுது தொண்டை கட்டிப்போனது. ருசி பார்க்கிற நேரமா இது என்று எனக்கு எரிச்சலான எரிச்சல்.

ஏழாம் நாள் மளிகைக் கடைக்குப் போய்விட்டு வந்தால், சமையல்கட்டில் சுவரில் சாய்ந்து நின்றபடி பப்பாளிக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். பக்கத்து வீட்டு மரத்துக் காய். எனக்குப் பகீரென்றது. கர்ப்பிணி இருக்கிற வீட்டுக்குள் பப்பாளியையே விடாதவர்கள் நாங்கள்.

"பச்ச ஒடம்புக்காரி துன்ற பண்டமா இது? இன்னா வேல பண்ற நீ!" என்று பிடுங்கிக் கொல்லையில் எறிந்தேன்.

அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. தூறலில் இறங்கினாள். சேற்றில் கிடந்த துண்டுகளைப் பொறுக்கிக் கழுவி, மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். "அக்கா, பிள்ள பெத்தப்ப என் அம்மா இது சூப்புதான் குடிச்சாங்க. நானும் குடிப்பேன்" என்றாள், தெரிந்த தமிழில்.

பிரசவம் பார்த்த நர்ஸம்மாவுக்குப் போன் போட்டேன், அவளைத் திட்டுவார் என்ற நம்பிக்கையில். விவரம் கேட்டவர் என்னைத்தான் திட்டினார். "கொழந்த பொறந்தப்பறம் வெந்த பப்பாளி இன்னா பண்ணப்போவுது? பத்தியம் பத்தியம்னு சொல்லிகினு அவங்கள பட்டினி போட்டா பால் எங்கருந்துங்க வரும்?"

அன்றே அவள் சூப்பு வைத்தாள். நாட்டுக்கோழி, இஞ்சி, அந்தக் காய், இறக்கும்போது எங்கள் கொல்லை முருங்கைக்கீரை ஒரு கை. மிளகாய்த்தூள் கிடையாது, தாளிப்பு கிடையாது. 'டினோலா' என்று பெயர் சொன்னாள். சோற்றில் ஊற்றி ஊற்றிச் சட்டி காலியாகும்வரை சாப்பிட்டாள். மறுநாளிலிருந்து கீரையை நானே உருவிக் கொடுத்தேன். நாலைந்து நாளில், கடைவாயில் பால் வழிய வழியத் தூங்கினான் பிள்ளை.

தம்பி மகன் இப்போது தவழ்கிறான். நாத்தனார் தாய்போல் பார்த்துக்கொண்டாள் என்று தெருவே என்னைப் புகழ்கிறது. அக்கறை என்ற பெயரில் ஒரு வாரம் அவளைப் பசியோடு வைத்திருந்தவள் நான் என்பதை அவள் இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை; அதனால்தான் நானே எழுதிவிட்டேன்.