ஐ.சி.யு. வாசலில் பேசாமல் நின்றவர்

1. இறங்காத காய்ச்சல்

ஜொகூரில் ஓர் அரசு மருத்துவமனையின் ஐ.சி.யு.வில் சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கிருமித் தடுப்பு என் பொறுப்பு. கை கழுவாமல் கட்டிலை நெருங்கிய டாக்டர்களைக்கூடத் திட்டியிருக்கிறேன். முதுகுக்குப் பின்னால் என்னை ‘சோப்பு சிஸ்டர்’ என்பார்கள். எனக்கு அதில் பெருமைதான். மருந்துக்கு அடங்காத கிருமி யாருக்கு வரும் என்று தாதியர் படிப்புப் பிள்ளைகள் கேட்டால், பாடத்தில் உள்ளதைச் சொல்லிவிட்டு சுப்ரமணியத்தைப் பற்றியும் சொல்வேன்.

அவர் பண்டார் தெங்காராவைச் சேர்ந்த லோரி ஓட்டுநர். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், உண்டு. காய்ச்சலும் நடுக்கமுமாக வந்தார். வந்த வேகத்தில் ரத்த அழுத்தம் சரிந்து, சுவாசக் கருவி போட வேண்டியதாயிற்று. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. அது எந்தக் கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று லேப் சொல்லச் சில நாள் ஆகும். அதுவரை டாக்டர் ஊகித்துத்தான் மருந்து கொடுக்க வேண்டும். வீட்டார் சொல்லும் விவரத்தை வைத்துத்தான் அந்த ஊகம்.

டாக்டர் ஹிஷாம் கவனமானவர். சமீபத்தில் ஆஸ்பத்திரியில் படுத்தாரா, ஆன்டிபயாட்டிக் எடுத்தாரா, மருந்து ஏற்றப் பெரிய ரத்தக் குழாயில் லைன் என்கிற குழாய் போட்டார்களா என்று எல்லாவற்றையும் கேட்டார். பதில் சொன்னவள் மகள் தேவிகா. சிங்கப்பூரில் வேலை, புதிதாகக் கல்யாணமானவள், தாலிக் கயிற்றில் மஞ்சள் மங்கவில்லை. எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று மலாயில் தடுமாறாமல் சொன்னாள். அம்மா பார்வதி மகளுக்குப் பின்னால் நின்று சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நம் வீடுகளில் இது வழக்கம். படித்த பிள்ளை பேசும், பெற்றவர்கள் நிற்பார்கள். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வழக்கமான மருந்து ஆரம்பித்தோம். மறுநாளும் காய்ச்சல் இறங்கவில்லை. ரத்த அழுத்தத்தை மருந்தால் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

“எதையோ விட்டுவிட்டோம் சிஸ்டர்,” என்றார் டாக்டர். வேறு எதற்கும் கிருமி அடங்காதபோது கொடுக்கிற கடைசி மருந்தை எடுத்த எடுப்பில் யாருக்கும் கொடுத்துவிட முடியாது. அதையும் கிருமிக்குப் பழக்கிவிட்டால் அடுத்தவருக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. கொடுக்க அவருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது.

2. உடம்பு துடைத்தபோது

வந்த அவசரத்தில் லைனைத் தொடையில் போட்டிருந்தோம். அதனால் கழுத்தை யாரும் ஊன்றிப் பார்க்கவில்லை. காலையில் உடம்பு துடைக்கும்போது, வலப்பக்கக் கழுத்து மடிப்பில் இளஞ்சிவப்பாக ஒரு தழும்பைப் பார்த்தேன். அதன் இரண்டு பக்கமும் தையல் போட்ட புள்ளிகள்.

தேவிகா கேன்டீனுக்குப் போயிருந்தாள். பார்வதியைத் தனியே அழைத்தேன்.

“அக்கா, அண்ணன் கழுத்துல தையல் தடம் இருக்கே. எங்க போட்டது?”

“லோரியில கம்பி குத்திருச்சு மிஸ்ஸி.” தாதியரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“கம்பி குத்திட்டு, அளவெடுத்து ரெண்டு பக்கமும் தையலும் போட்டுச்சா? இது ஐ.சி.யு.ல போடுற லைன் அக்கா. எங்கிட்ட மறைக்காதீங்க.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “பாப்பாவுக்குத் தெரியக் கூடாது மிஸ்ஸி.”

மகள் கல்யாணத்துக்கு முன்னால் குவாந்தானுக்கு லோரி ஓட்டிப் போனவர், அங்கேயே சிறுநீரகத்தில் கிருமி கண்டு ஐ.சி.யு.வில் படுத்திருக்கிறார். பெரிய பெரிய மருந்தெல்லாம் ஏற்றியிருக்கிறார்கள். மகளிடம் ‘அப்பா அவுட்ஸ்டேஷன்’ என்று சொல்லிவிட்டார்கள்.

“டாக்டர் போகாதன்னுதான் சொன்னாரு. இவரு கேக்கல. ‘நான் படுத்திருக்கேன்னு தெரிஞ்சா பாப்பா கல்யாணத்த நிறுத்திரும், குறிச்ச முகூர்த்தத்துல நான்தான் தாரை வார்க்கணும்’னு கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டாரு. இப்ப சொன்னா, தன்னாலதான் அப்பாவுக்கு இப்படின்னு அது காலம்பூரா அழும் மிஸ்ஸி.”

கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. “பாப்பாகிட்ட சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். நான் வாயத் தொறக்க மாட்டேன். ஆனா டாக்டர்கிட்ட இப்பவே சொல்லணும். இல்லன்னா அண்ணன் பொழைக்க மாட்டாரு.”

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

3. கல்யாணப் படம்

பார்வதி சொல்லச் சொல்ல நான் மலாயில் எடுத்துச் சொன்னேன். டாக்டர் அவரைத் திட்டவில்லை. உடனே குவாந்தானுக்குப் போன் போட்டார். அங்கேயே மருந்துக்கு அடங்காத கிருமி ஒன்று தென்பட்டிருந்தது. முன்பே ஐ.சி.யு., பெரிய ஆன்டிபயாட்டிக், கழுத்தில் லைன், இனிப்பு நீர், பாதியில் நின்ற சிகிச்சை. பிள்ளைகள் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிற காரணங்கள் அத்தனையும் இந்த ஒரே ஆளிடம் இருந்தன. மருந்தை மாற்றினோம். தொடை லைனை எடுத்துவிட்டு வேறிடத்தில் புதிது போட்டோம். கிருமி பக்கத்துக் கட்டிலுக்குத் தாவாமல் இருக்க அவரைத் தனி அறைக்குக் கொண்டுபோனோம். ‘இன்றைக்கும் இந்த லைன் தேவையா?’ என்று தினமும் காலையில் கேட்டு டாக்டரைப் பிடுங்கி எடுத்தேன். பிறகு வந்த லேப் முடிவும் அதே கிருமி என்றது.

தூக்கிப் பிடித்த மருந்தைக் குறைத்தும் மெல்ல மெல்ல ரத்த அழுத்தம் நிலைத்தது. சுவாசக் கருவியை எடுத்த அன்று, பார்வதி தானாகவே மகளிடம் சொல்லிவிட்டார். பெரிய அழுகையாக இருக்கும் என்று பயந்து நான் தண்ணீரோடு போனேன். தேவிகா அழவில்லை. கைப்பேசியில் ஒரு படத்தை என்னிடம் நீட்டினாள். மணவறை. தாரை வார்க்கும் நேரம். எல்லாரும் வியர்த்து வழிகிறார்கள். அப்பா மட்டும் பட்டுத் துண்டைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருக்கிறார்.

“அலாமாக், ஸ்டைலா இருக்கீங்களேப்பான்னு நான்தான் கிண்டல் பண்ணேன் மிஸ்ஸி. அவரு சிரிச்சாரு.”

எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது. தண்ணீரை நானே குடித்தேன்.

பிள்ளைகளே, பதில் சொல்பவரிடம் கேட்டு முடித்ததும், பேசாமல் நிற்பவரைத் தனியே அழைத்து இன்னொரு முறை கேளுங்கள். நான் கற்றது அவ்வளவுதான்.

அன்று மாலை, சுப்ரமணியம் வீட்டில் சாப்பிட்டுவந்த மருந்துகளைப் பற்றி விசாரிக்க டாக்டர் ஹிஷாம் வந்தார். வழக்கம்போல் தேவிகாவைப் பார்த்துத்தான் கேட்டார். அவள் விலகி நின்று, அம்மாவின் முதுகில் கை வைத்து முன்னால் நகர்த்தினாள்.

“நீங்க சொல்லுங்கம்மா. நான் மலாய்ல சொல்றேன்.”