ஒரு நாள் சிவப்புத் தொப்பி

எங்கள் பனியன் கம்பெனியில் டெய்லர்களுக்கு நீலத் தொப்பி, சூப்பர்வைசருக்குச் சிவப்பு. அன்றைக்கு எங்களுக்கு ஆர்டர் தரும் வெளிநாட்டுப் பையரின் ஆடிட். சூப்பர்வைசர் லீவு. மேனேஜர் சூப்பர்வைசரின் சிவப்புத் தொப்பியை டெய்லரான என் கையில் திணித்தார்.

"இன்னிக்கு மட்டும் போட்டுக்குங்க. கேட்டா சூப்பர்வைசராகி மூணு வருசமாச்சுன்னு சொல்லீருங்க."

பொய் வெளிப்பட்டால் ஆர்டர் போய்விடும், பழி என் மேல்தான் விழும். மூணு வருசம், மூணு வருசம் என்று முணுமுணுத்தபடி நின்றேன். வந்த ஆடிட்டர் அம்மா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. தொப்பியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நகர்ந்தார்.

சிவப்புத் தொப்பியோடே தையல் வரிசைக்குத் திரும்பினேன். தினமும் என்னோடு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடும் தோழி, வெட்டிய நூலைத் தரையில் போட்டிருந்தாள். "இதெல்லாம் யாரு பொறுக்கறது?" என்று கத்திவிட்டேன். திருப்பித் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் சட்டென்று எழுந்து நின்று, நீலத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "எடுத்துடறனுங்க" என்றாள்.

அப்பா கூலிக்குப் போன தோட்டத்தில், தோட்டத்து முதலாளியான பண்ணாடி எதிரே வந்தால் அப்பாவின் கை இப்படித்தான் தலைத்துண்டை அவிழ்க்கப் போகும். நான் பக்கத்தில் நின்று அந்தப் பண்ணாடியை மனத்துக்குள் திட்டுவேன்.