புகையில்லாத கோயில்

என் வீட்டுக்காரருக்குப் பழைய கோயில் பைத்தியம். கோயில் என்றால் எங்கள் வேதக் கோயில். சிலுவை வைத்த கட்டடம் எங்காவது இடிந்து கிடக்கிறது என்று யாராவது சொன்னால் போதும், அடுத்த லீவுக்கு மூட்டை கட்டிவிடுவார். மற்ற பெண்கள் புருஷனோடு நாடகம் பார்க்கப் போனார்கள். நான் காவிரிக்கரையில் கூரை விழுந்த ஒரு துறவியர் மடத்தில், வௌவால் எச்சத்துக்கு நடுவே உட்கார்ந்து புளிச்சோறு தின்றேன். அவர் சுவரைக் காலடியால் அளந்து, கல்லறை எழுத்தை விரலால் தடவிப் படித்து, ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். பள்ளிக்கூட வாத்தியார் அல்லவா, எழுதி வைக்காத எதுவும் அவருக்கு நடந்ததாகவே ஆகாது.

அந்தப் பைத்தியம்தான் எங்கள் மகளைக் கொன்றது என்று எங்கள் சொந்தம் முழுக்கச் சொல்லும். இத்தனை வருஷமாக நானும் அதை மறுத்ததில்லை. நடந்தது வேறு.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். காளப்பநாயக்கன்பட்டியில் குடியிருந்தோம். கொல்லிமலை மேலே வளப்பூர் நாட்டுப் பக்கம் ஆளில்லாமல் ஒரு பழைய கோயில் இருக்கிறது, பின்னால் கல்லறைகளும் உண்டு என்று மிளகு வியாபாரி ஒருவர் இவரிடம் சொல்லிவிட்டார். பிறகு கேட்க வேண்டுமா? அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து அப்போது நடைதான். ரெண்டு வயது மகளைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு இவர் முன்னால் ஏறினார். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாய்க்குள் திட்டிக்கொண்டே பின்னால் ஏறினேன். பிள்ளைக்கு நானே தைத்த வெள்ளைக் கவுன் போட்டிருந்தேன். மலைக்கு வெள்ளைக் கவுன் எதற்கு என்று அவர் கேட்டார். கோயிலுக்குத்தானே போகிறோம் என்றேன்.

கோயில் நான் நினைத்ததைவிட நன்றாகவே இருந்தது. கனமான கல்சுவர். தகரக் கூரை. ஜன்னல்களில் கண்ணாடி இல்லை. வாசலில் ஒரு கல்தொட்டி, விளிம்பு வரை மழைத்தண்ணீர். அந்தத் தண்ணீரில்தான் பிள்ளையின் முகத்தைக் கழுவிவிட்டேன். இவர் நோட்டை எடுத்துக்கொண்டு கல்லறைப் பக்கம் போனார். நான் தழையை ஒடித்துத் தரையைப் பெருக்கினேன். பளிச்சென்று ஆனது. ராத்திரி இங்கேயே தங்கிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது.

வெயில் சாயும்போது பக்கத்துக் குடியிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கையில் பலாச்சுளை வைத்த இலை. பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஏனுங்க அம்மிணி, இங்க படுக்காதீங்க. எங்கூட்டுக்கு வந்துருங்க. புள்ளைய அடுப்போரமாப் போட்டுக்கலாம். புகையில படுத்தாத்தான் இந்த மலையில ஆகும்."

அவர் வீட்டை வரும் வழியிலேயே பார்த்திருந்தேன். மலைக்காரர்கள் அடுப்பை அணைய விடுவதில்லை. பரண்மேல் சாமையும் தினையும் மூட்டையாக இருக்கும், புகை ஏறினால்தான் வண்டு அண்டாது. உள்ளே சுவரெல்லாம் கரி. வாசலில் ஆடு கட்டியிருந்தது. அந்த வெள்ளைக் கவுனை அங்கே கிடத்த எனக்கு மனசில்லை. அதுதான் நிஜம்.

"இல்லீங்க, புள்ளைக்குப் புகை ஆகாதுங்க, இருமும். நாங்க கோயில்லயே படுத்துக்கறோமுங்க."

இருமலெல்லாம் ஒன்றும் இல்லை. அந்த அம்மாள் இன்னொரு முறை கூப்பிட்டார். நான் தலையை ஆட்டினேன். அவர் இலையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

இவர் திரும்பி வந்து, "அந்தம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

"சொளை குடுக்க வந்தாங்க," என்றேன்.

சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே மூட்டையைத் தூக்கியிருப்பார். மலைக்காரர் வீட்டில் தங்குவதென்றால் அவருக்குக் கொண்டாட்டம். அது தெரிந்துதான் சொல்லவில்லை.

ராத்திரி முழுக்கக் கொசு கடித்தது. கொசு எங்கே இல்லை என்று நினைத்தேன். மறுநாள் இறங்கிவிட்டோம்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துப் பிள்ளைக்குக் குளிர் வந்தது. மூன்று போர்வை போர்த்தியும் பல் கிட்டியது. மலைக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொய்னா மாத்திரையைத் தேனில் குழைத்துக் கொடுத்தோம், கசப்பில் துப்பிவிட்டாள். பார்க்க வந்த டாக்டர், "மலையில எங்க படுத்தீங்க?" என்று கேட்டார். இவர் சொன்னார். "மலைக்காரங்க புகை போட்டுக்கிட்டுப் படுப்பாங்களே, அவங்க ஊட்டுல படுத்திருக்கலாமே," என்றார் டாக்டர். "அவ்வளவு கொசு வந்திருக்காது."

நான் பிள்ளையின் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை.

"எனக்குத் தோணலீங்களே," என்று இவர் அழுதார். "நாந்தானுங்க கூட்டிட்டுப் போனேன்."

நாலாம் நாள் அவள் போய்விட்டாள். அந்தக் கவுனையே போட்டுப் புதைத்தோம். வந்தவர்களெல்லாம் இவரைத்தான் ஏசினார்கள். என் அம்மா அவர் முகத்துக்கு நேராகவே, "கல்லைப் பாக்கப் போயிப் புள்ளையக் குடுத்துட்டு வந்துட்டீங்களே," என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அன்று பயம். அப்புறம் வருஷம் ஆக ஆக, சொல்வது இன்னும் கஷ்டமாகிப் போனது.

அந்த நோட்டை அவர் அதற்குப் பிறகு தொடவே இல்லை. கல்லறை எழுத்து ஒன்றைப் பாதியில் விட்டிருந்தார், அது அப்படியே நிற்கிறது. பழைய கோயில் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார். நல்ல மனுஷன். தைரியமாகப் பேசிச் சிரித்துத் திரிந்தவர், என் முன்னால் சத்தமாகப் பேசக்கூடக் கூசினார். எனக்கு அவர்மேல் எரிச்சல்தான் வந்தது. இப்படிக் குனிந்து குனிந்து நிற்கிறாரே என்று வள்ளென்று விழுவேன். அவர் அதையும் தனக்கு வேண்டியதுதான் என்று வாங்கிக்கொள்வார்.

போன மாசி மாதம் படுத்த படுக்கையானார். கடைசி நாள் காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "புள்ள விசயத்துல என்னைய மன்னிச்சிட்டியா?" என்று கேட்டார்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிட்டேனுங்க," என்றேன்.