வினோனா பீல் சுத்தியலைத் தட்டாத மதியம்

ஊர்க்கூட்டத்தை நடத்த மேசைக்கு வந்து உட்கார்ந்ததும் வினோனா பீல் முதலில் கயிற்றைத்தான் எடுப்பாள். மேசை ஓரத்தில் திருகி வைத்த பித்தளைக் கொக்கியில் பச்சை நைலான் கயிற்றின் முனையை மாட்டுவாள். தட்டையான மர ஊசியை மடியிலிருந்து எடுத்து, கயிறு நிறையச் சுற்றியிருக்கிறதா என்று கட்டைவிரலால் ஒரு தடவு தடவிப் பார்ப்பாள். பிறகு கை அது பாட்டுக்கு ஓடும். சிங்கி இறால் பிடிக்கிற கூண்டுக்கு உள்ளே புனல் மாதிரி ஒரு வாய்வலை உண்டு. நுழைவது சுலபம், வெளியேறத்தான் வழி தெரியாது. அதைத்தான் பின்னுவாள். கண் வலைப்பக்கமே போகாது. சாலைக்கு எவ்வளவு, பனி அள்ள எவ்வளவு என்று சபை அடித்துக்கொள்ளும்போது, ஒவ்வொரு முடிச்சையும் சுண்டுவிரலால் இழுத்து இறுக்குகிற ‘டக்’ மட்டும் இடையில் கேட்டுக்கொண்டிருக்கும்.

பக்கத்தில் மரச்சுத்தியலும் இருந்தது. ஓட்டு முடிந்து தீர்மானம் நிறைவேறியது என்று அறிவிக்க மட்டும் அதைத் தட்டுவாள். சபையை அடக்க அவளுக்கு அது தேவைப்பட்டதில்லை. ஊசி நின்றால் போதும்.

மெய்ன் மாநிலக் கடற்கரையில் டார்பாக்ஸ் கோவ் சின்ன ஊர். வினோனா அங்கே பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே இருந்தவர்கள் எல்லோரும் அவள் பஸ்ஸில் போய்ப் படித்தவர்கள். தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் அவள் பார்வை பட்டால் கை தானாகக் கீழே இறங்கும் என்பதை அறிந்தவர்கள். கூட்டத்தின் முதல் வேலை அன்றைக்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுப்பது. பழைய தலைவர் முடியாமல் படுத்த வருஷம், யாரோ பின்வரிசையிலிருந்து, “பஸ்ஸு நெறைய பிசாசுங்கள மேய்க்கிறவ, நம்மள மேய்க்க மாட்டாளா?” என்றான். அன்று முதல் ஒவ்வொரு மார்ச்சிலும் அவளே. ஒரு விதியை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டாள்: யாரும் யாரோடும் பேசக் கூடாது, எல்லோரும் தலைவரிடம் பேச வேண்டும். வீட்டில் அவளை ‘வின்னி’ என்று கூப்பிடுகிற புருஷன் எலியட்கூட அங்கே எழுந்தால் ‘தலைவரம்மா’தான்.

2010ஆம் வருஷம் கூட்டம் சனிக்கிழமை வந்தது. அதற்கு முந்தைய ஞாயிறு இரவுதான் வாஷிங்டனில் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் ஜனநாயகக் கட்சியின் ஓட்டுகளால் மட்டுமே தேறியிருந்தது. வாரம் முழுக்க ஊர் இரண்டாகக் கிடந்தது. குடியரசுக் கட்சிக்காரர்கள் காரல் டன்பாரின் தூண்டில் இரைக் கடையில் கூடினார்கள். ஜனநாயகக் கட்சிக்காரர்கள் அந்தக் கடைக்குப் போவதையே நிறுத்தினார்கள். சட்டத்தில் என்ன இருக்கிறது என்று பேசியவர்கள் குறைவு. அது எப்படி நிறைவேறியது, அதற்கு யார் குற்றவாளி என்பதுதான் பேச்சு.

வினோனாவின் கவலை வேறு. கூட்டத்தின் பத்தொன்பதாம் பொருள் ஊர் ஆம்புலன்ஸ். இந்த முறை ஊர் பணம் ஒதுக்காவிட்டால் ஜூனோடு வண்டி நின்றுவிடும். ஆஸ்பத்திரி கிட்டத்தட்ட ஒரு மணி நேரத் தொலைவு. எலியட்டின் இதயம் அந்தக் குளிர்காலத்தில் இரண்டு தடவை சண்டித்தனம் செய்தது. இரண்டு தடவையும் அந்த வண்டிதான் தூக்கிக்கொண்டு போனது. சபையில் மூன்றாம் வரிசையில் சட்டைப்பையில் மாத்திரை டப்பாவோடு அவன் உட்கார்ந்திருந்தான்.

பதினெட்டாம் பொருள் முடிந்தது. அப்போது காரல் எழுந்தான். வினோனாவோடு ஒரே வகுப்பில் படித்தவன். அவள் கையில் ஓடிக்கொண்டிருந்த வலைகூட அவன் கூண்டுக்குத்தான்.

“தலைவரம்மா, ஒரு தீர்மானம். வாஷிங்டன்ல ஞாயித்துக்கெழம ராத்திரி நடந்தது சட்டம் போட்டதில்ல, வாயத் தெறந்து ஊத்துனது. எங்க கட்சிக்காரன் ஒருத்தன் ஓட்டு இல்ல. படிச்சிப் பாத்தவன் எவனுமில்ல. பக்கத்துக் கதவு வழியா தள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க. இந்த ஊர் இத கண்டிக்குதுன்னு எழுதிக்கங்க.”

ஆம்புலன்ஸ் குழுவின் தலைவி ஃபெர்ன் கிராஸ், முன்னாள் நர்ஸ், துள்ளி எழுந்தாள். “ஒரு வருஷமா கூப்ட்டாங்கய்யா! வாங்க, உக்காந்து பேசலாம்னு. உங்க ஆளுங்க வாசல்ல கால் வெக்கல. இப்ப வந்து பக்கத்துக் கதவுங்கிற!”

ஊசி நின்றது.

“ஃபெர்ன், யார்கிட்ட பேசறீங்க?”

“... உங்ககிட்டதான், தலைவரம்மா.”

“அப்ப என் மூஞ்சியப் பாருங்க. நான் எந்தக் கதவையும் சாத்தலையே.”

சிரிப்பு எழுந்தது. இரண்டு பக்கத்திலும்தான். ஊசி மறுபடி ஓடியது.

“காரல், ஒரு வாரம் முந்தி தபாலாபீஸ் கதவுல ஒட்டுன அறிவிப்புல இது இல்ல. அதுல இல்லாதத ஓட்டுக்கு விட எனக்கு அதிகாரமில்ல. உங்களுக்கும் தெரியும்.”

“போன சனிக்கெழம அறிவிப்பு ஒட்டறப்ப சட்டமே வரலையே! எப்படி ஒட்டறது?”

“அது வாஷிங்டன்காரன கேளுங்க.”

“இது என்ன, உன் பஸ்ஸா?” காரலின் முகம் கன்றிவிட்டது.

ஊசி நின்றது. “‘உங்க’ன்னு சொல்லுங்க.”

“உங்க பஸ்ஸுதான். சரி. அப்ப நாங்க எறங்கிக்கறோம்.”

அவன் பெஞ்சு முழுக்க எழுந்தது. பின்னால் இன்னும் இரண்டு பெஞ்சு. ரப்பர் பூட்ஸ் எல்லாம் தரையில் தடதடக்க, பள்ளிக்கூட விளையாட்டு அரங்கின் இரட்டைக் கதவு திறந்து, மார்ச் மாதக் குளிரை ஒரு வாய் உள்ளே விட்டு, மறுபடி ஒருக்களித்து நின்றது.

அடுத்தது பத்தொன்பது.

ஃபெர்ன் தாமதிக்கவில்லை. “ஆம்புலன்ஸுக்கு கேட்ட தொகைய ஒதுக்கணும்னு முன்மொழியறேன்.” வழிமொழிய நாலு குரல். “பேச ஒண்ணுமில்ல, தலைவரம்மா. ஓட்டுக்கு விடுங்க.”

வினோனா சபையைப் பார்த்தாள். தலை எண்ணுவது அவளுக்குத் தொழில். ஒரு பார்வை போதும். இப்போது விட்டால் வண்டி தேறிவிடும், எதிர்க்க ஆளே இல்லை. காரல் திரும்பி வந்தால் எப்படிப் போகும் என்று சொல்ல முடியாது. எலியட் அவள் கண்ணைச் சந்திக்காமல் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய நரைத்த காதோரம் மட்டும் தெரிந்தது. சுத்தியல் வலது கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

அவள் முடிச்சு போட்டாள். டக்.

“தலைவரம்மா?”

“இந்த வரிசை முடியணும். நடுவுல விட்டா அவுந்துடும்.”

டக். இன்னொரு முடிச்சு. சமையலறையிலிருந்து, மதியம் ஊருக்கே பரிமாற ராத்திரி முழுக்க அடுப்பில் கிடந்த இனிப்பு அவரையின் மணம் வந்தது.

“சட்டப்படி தப்பில்லையே!” ஃபெர்ன் மேசைக்குக் கிட்டே வந்துவிட்டாள். “அவங்களா எழுந்து போனாங்க. யாரும் வெரட்டலையே.”

“தப்பில்ல. வாஷிங்டன்லயும் சட்டப்படி தப்பில்லன்னுதான் நீங்க சொல்றீங்க. வாரம் முச்சூடும் அதனால சண்ட நின்னுதா?”

“ஐயோ, எலியட்ட நெனச்சாவது...”

“அவர நெனச்சிட்டுதான் பின்னிட்டிருக்கேன்.” டக்.

“நீங்க யார் பக்கம், தலைவரம்மா?”

“மேசைக்கு இந்தப் பக்கம்.”

இப்படித் தேறினால் அந்த வண்டி ஊருக்குள் போகிற ஒவ்வொரு தடவையும், நாங்கள் இல்லாத நேரம் பார்த்து முடித்தார்கள் என்று யாராவது சொல்வார்கள். அடுத்த மார்ச்சில் அதையே பிடித்துக்கொண்டு நிறுத்துவார்கள். பாதி ஊருக்குச் சொந்தமான வண்டி எத்தனை நாள் ஓடும்? இதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. பயம் மட்டும் இருந்தது, அது வேறு.

வரிசை முடிந்தது. கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தாள். “சாப்பாட்டுக்கு நேரமாச்சு. மத்தத அப்பறம் பாக்கலாம்.” பிறகு சமையலறையில் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவளிடம் உரக்கச் சொன்னாள்: “டாட்டி, அந்தப் பின்கதவ நல்லா தெறந்து வை. ஜன்னலையும். வாசன வெளிய வரைக்கும் போகட்டும்.”

வாசனை வெளியே போய்ச் சேர்ந்தது. முதலில் இளவட்டங்கள் திரும்பி வந்தார்கள், பிறகு பெரியவர்கள், கடைசியில் காரல். அவன் தட்டோடு வரிசையில் நின்றபோது வினோனா பின்னால் போய் நின்றாள்.

“எங்கள விட்டுட்டு முடிச்சிருக்கலாமே?” அவன் திரும்பாமலே கேட்டான்.

“தல எண்ணாம வண்டிய எடுத்ததில்ல நான்.”

“கிறுக்கி.”

“பழுப்பு ரொட்டி கடைசித் துண்டு, பாத்து எடு. எனக்கும் பாதி.”

சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தது நல்ல சண்டை. காரல் வண்டிச் செலவை எலும்பு வரைக்கும் பிரித்துப் போட்டான். புது ஸ்ட்ரெச்சருக்கு இந்த வருஷம் என்ன அவசரம் என்றான். ஃபெர்ன் அவன் அப்பாவை எந்த ஸ்ட்ரெச்சரில் தூக்கினோம் என்று கேட்டாள், தலைவரைப் பார்த்துத்தான். தொகையில் கொஞ்சம் வெட்டினார்கள். ஓட்டுப் போடும் மஞ்சள் அட்டைகள் உயர்ந்தன. காரலின் பெஞ்சிலேயே சிலது உயர்ந்தது. காரலின் அட்டை முழங்காலிலேயே கிடந்தது. சின்ன வித்தியாசத்தில் வண்டி தேறியது. வினோனா சுத்தியலைத் தட்டினாள்.

அந்த வண்டி பிறகும் ஒருமுறை எலியட்டைத் தூக்கிப் போய்த் திருப்பிக் கொண்டுவந்தது. வாஷிங்டன் சண்டை மட்டும் ஓயவில்லை. இரைக் கடையில் இன்றும் அது நடக்கிறது. ஆனால் ஆம்புலன்ஸ் சைரன் கேட்டால் காரல், “நான் எதுத்துதான் ஓட்டுப் போட்டேன். நேரா நின்னு தோத்தேன்” என்பான், ஏதோ ஜெயித்தவன் மாதிரி.

வினோனா வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஊர்க்கூட்டத்தை விட்டு விலகிய வருஷம்தான் மீதியை அவன் சொன்னான். அன்று வெளியேறியவர்கள் வீட்டுக்குக் கிளம்ப லாரிப் பக்கம் போகவேயில்லை. வெளியேறுவது என்று காலையிலேயே இரைக் கடையில் பேசி முடிவு செய்திருந்தார்கள். பதினெட்டு முடியட்டும், பத்தொன்பதுக்கு முன்னால் எழுந்துவிடுவோம் என்று.

“கதவ லேசா சாத்திட்டு அத்தன பேரும் காத வெச்சிட்டு நின்னோம். அந்தச் சுத்தியல் விழணும், அதுக்குத்தான். விழுந்திருந்தா, ‘எங்கள விட்டுட்டு முடிச்சாங்க’ன்னு பத்து வருஷம் பேச ஆயிருக்கும்” என்றான் காரல். “குளுர்ல காது மரத்துப்போச்சு. உள்ள டக், டக்னு கயிறு இறுகுற சத்தம்தான் கேட்டுச்சு.”